4 கெல்வினோடு வேலை முடிவதில்லை

நல்ல கட்டுரை. ஆனால் வானியல் உணர்கருவிகளைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்துச் சோதிக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதி வழிதான். திரவ ஹீலியம் கொதிப்பது 4.2 கெல்வினில் (0 கெல்வின் என்பது −273 டிகிரி செல்சியஸ்). பம்ப் வைத்து ஆவியை உறிஞ்சினால் சுமார் 1 கெல்வின் வரை இறங்கலாம். ஹீலியத்தின் அரிய, இலேசான வகையான ஹீலியம்-3 என்றால் 0.3 வரை. பிளாங்க் விண்கலத்தின் போலோமீட்டர்களுக்கோ (கதிர்வீச்சு தரும் சூட்டை அளக்கும் உணர்கருவிகள்) 0.1 கெல்வின் தேவைப்பட்டது. அது அளந்த அண்டப் பின்னணிக் கதிர்வீச்சே (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) 2.7 கெல்வின்தானே, கருவி அதைவிடக் குளிராக இருக்க வேண்டாமா!

அந்தக் கடைசிப் படிக்குத்தான் கரைசல் குளிர்விப்பான். ஹீலியம்-3, ஹீலியம்-4 (சாதாரண ஹீலியம்) கலவை சுமார் 0.87 கெல்வினுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலடுக்கின் ஹீலியம்-3 அணுக்கள் கீழடுக்கில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு குளிர்ந்தாலும் கீழடுக்கில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் ஹீலியம்-3 கரைந்தே இருக்கும்; அதை உறிஞ்சி எடுக்க எடுக்க மேலிருந்து புதிதாகக் கரையும், அதனால் இந்த ஓட்டம் நின்றுபோவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, குளிர் கிடைத்தாயிற்று என்று உட்கார முடியாது. ஆய்வகங்களில் முதல் கட்டத்தைக் குளிர்விக்கும் பல்ஸ் டியூப் இயந்திரம் (வாயு அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் குளிர்விப்பது) விநாடிக்கு ஒன்றிரண்டு முறை துடிக்கும். அந்த அதிர்வு சென்சாரை எட்டினால் இரைச்சலாகப் பதிவாகும். கவசத்தில் சிறு இடுக்கு வழியே வெளி வெப்பக் கதிர் கசிந்தாலும் அளவீடு கெட்டுவிடும். அப்புறம், எக்ஸ்ரிஸம் எனும் எக்ஸ் கதிர் விண்கலத்தில் 0.05 கெல்வினை எட்டுவது இந்தக் கரைசல் முறையில் அல்ல, காந்தப்புலத்தை மெல்லக் குறைத்து உப்புப் படிகத்தைக் குளிர்விக்கும் முறையில். அதைப் பற்றியும் எழுதுங்களேன்.