அடுப்பே வேண்டாமாம், லேசு வேலையாம்!

"உனக்கென்ன பிள்ளை, அடுப்பே பத்தவைக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பழப் புடிங்கைச் செய்துகொண்டு வாவன். அரை மணித்தியால வேலைதானே!"

இன்று காலை பெரியம்மா அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் இது. போன தடவை நடந்த கூத்துக்குப் பிறகும் இப்படிக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் அதற்கு மட்டும் வராது.

ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று அனலாக முகத்தில் அடிக்கிறது. கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் விறைத்துப்போகிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தமெல்லாம் இப்போதுதான் திருகோணமலையில் வந்து இறங்கியிருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, இங்கே நமக்கு ஞாயிறு தவறாமல் யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம். யார் என்ன கொண்டுவருவது என்று பங்கு பிரிக்கும்போது புரியாணிக்கு ஒருத்தி கை தூக்கினால் போதும், "ஐயோ பாவம், இந்த வெக்கைக்குள்ள அடுப்படியில நிக்கப் போறாள்" என்று எல்லோரும் உருகுவார்கள். வெங்காயம் வெட்ட ஆள், ஃபேனைத் திருப்பிவிட ஆள், இடையில் தேத்தண்ணி. குளிர்ப் பண்டம் செய்கிறவளுக்கு மட்டும் ஒரே சொல்: லேசு வேலை.

சரி, அந்த லேசு வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி வாங்கி, துணியில் கட்டி, தண்ணீர் வடிய இரவு முழுக்கப் பிரிட்ஜுக்குள் வைக்கவேண்டும். வெளியே தொங்கவிட்டால் இந்தச் சூட்டில் காலையில் புளிச்சாறுதான் மிஞ்சும். மேரி பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெய் சேர்க்கவேண்டும். செய்முறை வீடியோக்காரி "அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்" என்று இனிமையாகச் சொல்லுவாள். சொல்லுவாள்தானே, அவள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள்! அவளுடைய அறை 20 பாகை. என் குசினி மத்தியானம் 33 பாகை. பேப்பரைப் பிரிப்பதற்குள் வெண்ணெய் எண்ணெயாகி மேசையில் ஓடுகிறது. "கிரீமை நுரை நிற்கும்வரை அடியுங்கள்" என்பாள் அடுத்ததாக. எங்கே நிற்கும்? கொழுப்புக் குளிர்ந்திருந்தால்தான் நுரை நிற்கும். அதற்குக் கோப்பையையும் அடிக்கிற கம்பியையும்கூட ஐஸுக்குள் போட்டு எடுக்கவேண்டும். கடையில் பெட்டியில் விற்கிற சமையல் கிரீமுக்கு அந்தளவு கொழுப்பே கிடையாது, விடியவிடிய அடித்தாலும் அது கிரீமாகவேதான் இருக்கும். அதனால்தான் நான் தயிருக்கு மாறினேன். தயிரும் ரின்பாலும். இந்த ஊருக்கு அதுதான் தோது.

இனி அன்னாசி. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதியம் இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதற்குத் தொழில். புடிங்கை இறுகவைக்கப் போடுகிற ஜெலற்றின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, முழுக்கப் புரதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எந்தப் பிரிட்ஜுக்குள் வைத்தாலும் இறுகாது, தண்ணீராகவே கிடக்கும். பப்பாசிக்கும் கிவிக்கும் இதே குணம்தான். போதாததற்குப் பச்சை அன்னாசி தயிரிலும் பாலிலும் பட்டு நேரமாகினால் கசக்கவும் செய்யும். ஆகவே அன்னாசியைச் சிறிதாக வெட்டி, சீனி போட்டு, நன்றாகக் கொதிக்கவைக்கவேண்டும். சூடு பட்டால் அந்த நொதியம் செத்துவிடும். ரின்னில் வருகிற அன்னாசி ஏற்கனவே சூடு கண்டது என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

கவனித்தீர்களா? கொதிக்கவைக்கவேண்டும். எதில்? அடுப்பில்! அடுப்பே வேண்டாத பண்டத்துக்கு!

பிறகு ஒவ்வொரு அடுக்காக. பிஸ்கட் இறுகவேண்டும், அதன்மேல் தயிர் இறுகவேண்டும், அதன்மேல் அன்னாசியும் மாம்பழமும் சேர்ந்த ஆறிய பழச்சாறு. சூட்டோடு ஊற்றினால் கீழடுக்கு கரைந்து மேலே வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருப்பு. கடைசியில் குறைந்தது நான்கு மணித்தியாலம் பிரிட்ஜுக்குள் அசையாமல் இருக்கவேண்டும், இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. குளிர்தான் இங்கே சமைக்கிறது. வெந்துகொண்டிருக்கிற புரியாணிச் சட்டியின் மூடியை ஆளாளுக்கு வந்து திறந்து பார்ப்பீர்களா? மாட்டீர்கள். பிரிட்ஜ் கதவை மட்டும்?

இதில் ஜெலற்றினா, அகர் அகர் என்கிற கடற்பாசியா என்று ஒரு குடும்பச் சண்டை வேறு. எனக்குக் கடற்பாசிதான் விருப்பம். அது 40 பாகைக்குக் கிட்ட வந்தாலே இறுகிவிடும், இறுகிய பிறகு 85 பாகைவரை இளகாது. நம் வெயிலுக்கென்றே செய்து அனுப்பிய சாமான். கடலில் இருந்து வருகிறது, சைவக்காரரும் சாப்பிடலாம், பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆட்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் ஒருமுறை செய்துகொண்டு போனபோது "என்ன இது, றப்பர் மாதிரி" என்று கனடா மச்சாள் சொன்னாள், மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வீடியோவில் வருகிறமாதிரித் தளதளவென்று ஆடவேண்டுமாம். அப்படி ஆடுவது ஜெலற்றின். அந்த ஜெலற்றின் 30 பாகையைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், அதனால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. வாயில் கரைவது திருகோணமலை வெயிலில் மேசையிலும் கரையும் என்று எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது." சரி. ஹலால் முத்திரை பார்த்து ஜெலற்றின் வாங்கி, பெரிய கண்ணாடிச் சட்டியில் ஊருக்கு ஒன்று; மாமி சைவம் என்பதால் அவவுக்கென்று சின்னக் கோப்பையில் கடற்பாசி போட்டு ஒன்று.

இப்போது கூத்துக்கு வருவோம்.

டவுனிலிருந்து உப்புவெளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ரிஜிபோம் பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு மேல் சட்டி, பெட்டி என் மடியில், நான் ஓட்டோவில். நிலாவெளி வீதியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அண்ணை, மெதுவா, மெதுவா" என்று நான் கெஞ்ச, அவர் உள்ளே ஏதோ கைக்குழந்தை இருக்கிறது என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு வெடிப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெரியம்மா வீட்டுப் பிரிட்ஜில் நடுத்தட்டை ஒதுக்கி, சட்டியை வைத்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்: "சாப்பாடு முடியும்வரை இந்தக் கதவைத் திறக்கவேண்டாம். தண்ணிப் போத்தல் எல்லாம் வெளியில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பிள்ளைகள்.

முதலில் சித்தப்பா. சோடா எடுக்க. ஐஸ் பெட்டியில் இருக்கிறதே சித்தப்பா? "அது குளிர் காணாது." கதவைத் திறந்தவர் சோடாவை எடுத்துவிட்டு மூடினாரா? இல்லை. கதவில் சாய்ந்தபடி யாரோ ஒருவருடைய காணிப் பிரச்சினையை ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து குளிர் வெளியேறி அவருடைய வயிற்றில் படுகிறது, அவருக்குச் சுகமாக இருக்கிறது, விளக்கம் நீள்கிறது. நான் போய்க் கதவைச் சாத்தினேன். "என்ன பிள்ளை, பெரிய கதவு போல" என்றார்.

அடுத்தது சின்னதுகள். ஒன்று ஐஸ்கட்டி கேட்டு, ஒன்று சொக்லட் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்று உள்ளே லைட் எப்போது அணைகிறது என்று ஆராய. அந்த மூன்றாவது ஆள் கதவை இத்தனூண்டு திறந்து, கண்ணை வைத்துப் பார்த்து, மூடி, திரும்பத் திறந்து... விஞ்ஞானியாக வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் புடிங் இறுகிய பிறகு வரட்டும்.

அப்புறம் பெரியம்மாவே. நேற்றைய நண்டுக்குழம்பைச் சூடாக்கியிருந்தாராம், மிஞ்சியது பழுதாகிவிடுமாம், ஆவி பறக்கிற சட்டியோடு கொண்டுவந்து பிரிட்ஜுக்குள் வைத்தார். எங்கே? என் சட்டிக்கு நேர் கீழே. நண்டு ஆறட்டும், புடிங் வேகட்டும். மூடியும் இல்லை. தயிரும் பாலும் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது ஐம்பது வருடமாக வீடு நடத்துகிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அடுப்பில் செய்யாத பண்டம்தானே, அதற்கென்ன மரியாதை.

அதற்குள் கரண்ட் போனது. அதற்கு நான் யாரையும் குறைசொல்லவில்லை. ஆனால் கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்கக்கூடாது என்று ஒரு அறிவு இருக்கிறதல்லவா? நம் வீட்டில் நேர்மாறு. கரண்ட் போன உடனேயே நாலு பேர் எழும்பிப் போய், "குளிர் இருக்கா பாப்பம்" என்று திறந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும், நம்புங்கள், சட்டி ஓரளவு நின்றது. தொட்டுப் பார்த்தேன், மேலே லேசாக இளக்கம், அவ்வளவுதான். கரண்டும் திரும்பி வந்தது. சாப்பாடு முடிய எடுக்கலாம் என்று கை கழுவப் போனேன்.

வந்து பார்க்கிறேன், கனடா மச்சாள் சட்டியை மேசையில் வைத்து, அதன்மேல் வட்ட வட்டமாக எதையோ அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் நிறம். பச்சை அன்னாசி.

"வெறுமனே இருந்துது மச்சாள், ஃப்ரெஷ்ஷா கொஞ்சம் அலங்கரிச்சன்."

அலங்கரித்தாளாம். வீடியோவுக்கு வேண்டுமாம். வெயில் விழுகிற ஜன்னலோரத்தில் வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, பிறகு கரண்டியை விடுகிறமாதிரி ஒன்று, அது சரியாக வரவில்லை என்று மறுபடி ஒன்று. எல்லாம் எடுத்து முடிந்தபோது அன்னாசி வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மாம்பழ அடுக்கு தயிருக்குள், தயிர் பிஸ்கட்டுக்குள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஐயா! யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடைசிப் பழங்கள், விலை கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கியவை!

அகப்பையால் அள்ளி கிளாஸில் ஊற்றிக் குடித்தார்கள். ஆம், குடித்தார்கள். சித்தப்பா இரண்டாவது கிளாஸ் கேட்டு, "பிள்ளை, இந்தச் சர்பத் நல்லாயிருக்கு, கொஞ்சம் நண்டு மணக்குது" என்றார். மச்சாளுடைய வீடியோவுக்கு ஏகப்பட்ட லைக். "நீங்களே செய்ததா?" என்று யாரோ கேட்டதற்கு ஒரு சிரிக்கிற முகம் மட்டும் போட்டிருந்தாள்.

மாமியின் சின்னக் கோப்பை? அது கதவு திறந்தபோதும் நின்றது, கரண்ட் போனபோதும் நின்றது, மேலே மச்சாள் வைத்த பச்சை அன்னாசிக்கும் அசையவில்லை, ஏனென்றால் கடற்பாசியில் புரதமே கிடையாது, புரோமெலைன் வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மாமி அளவாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மச்சாள் வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இது எவ்வளவு வடிவா வந்திருக்கு! ஏன் மச்சாள் மற்றதையும் இப்படியே செய்யேல்லை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய? நண்டு மணக்கிற சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

இந்த ஞாயிறு என்ன கொண்டுபோவேன் என்று கேட்காதீர்கள். ஒரு முழுத் தர்ப்பூசணி. கத்தி அவர்கள் வீட்டில் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சத்தம். மான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டவுனுக்குள் வந்து குப்பையைக் கிளறுவது போதாதென்று, இப்போது மதிலுக்கு மேலால் எட்டி என் செவ்வரத்தையைத் தின்கின்றன. பூவை மட்டும் தின்றால் பரவாயில்லை, தளிரோடு சேர்த்து மொட்டையடிக்கின்றன. விரட்டப் போனால் ரோட்டில் நின்று படம் எடுக்கிற சுற்றுலாக்காரர் என்னை முறைக்கிறார். மான் அழகுதான், ஐயா. உங்கள் ஹோட்டல் வாசலில் கொண்டுபோய்க் கட்டுங்கள், நான் வந்து படம் எடுக்கிறேன்.