முகம் தெரியாத ஒருத்தன் பேசி மனசு மாறுமா

நேத்து ராத்திரி கடை அடைக்கப் போற நேரத்துல கூட்டாளி ஒருத்தன் வந்து உக்காந்தான். கையில போன், மூஞ்சி செவந்து கெடக்கு, எவன்கிட்டயோ கமெண்ட்ல ரெண்டு மணி நேரமா மல்லுக்கட்டிருக்கான். "எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஒருத்தனும் மாற மாட்டான் வே, எல்லாம் வெட்டி வேலை"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல, ஷட்டர இழுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன், ஆனா தூக்கமே வரல. ஏன்னா என் மனச ஒருத்தன் மாத்திருக்கான். இன்னைக்கு வரைக்கும் நான் நேர்ல பாக்காத ஒருத்தன். அத எழுதிடணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2012. பாளையங்கோட்டைல நான் ஜெராக்ஸ், டிடிபி கடை போட்டு ரெண்டாவது வருஷம். அந்த வருஷம் கரண்ட் கட்டு எப்படி இருந்துச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், சென்னைக்கு ரெண்டு மணி நேரம் கட்டுன்னா நமக்குப் பன்னெண்டு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. கடன் வாங்கிப் போட்ட மெஷின் சும்மா நிக்கி, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துனா சம்பாதிக்கிறது பூரா அதுக்கே போயிரும். இன்னொரு பக்கம் நம்ம மாவட்டத்துலயே கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் அணு உலை கட்டி முடிச்சு நிக்கி, 1988ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட திட்டம், அத ஓட விடாம பக்கத்து ஊரு இடிந்தகரைல லூர்து மாதா கோவில் முன்னாடி பந்தல் போட்டு ஜனங்க உக்காந்திருக்காங்க. எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. அந்த பிப்ரவரில அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கே ஒரு அமெரிக்க அறிவியல் பத்திரிகை பேட்டில வெளிநாட்டுப் பணம் வாங்குற தொண்டு நிறுவனங்க தான் இதுக்குப் பின்னால இருக்குன்னு சொன்னாரு. நான் அத அப்படியே நம்புனேன். நம்புறது எனக்கு வசதியாவும் இருந்துச்சு.

ஃபேஸ்புக்ல கரண்ட் கட்டு பத்தி எவனோ போட்ட பதிவுக்குக் கீழ நானும் எழுதுனேன், "காசு வாங்கிட்டு உக்காந்திருக்கவங்களுக்காக நாங்க இருட்டுல சாகணுமா"ன்னு. அதுக்கு ஒரு பையன் பதில் போட்டான், இடிந்தகரைக்காரன், சென்னைல வேலை பாக்கான். ரெண்டு மூணு நாள் நல்லா சண்டை. அவன் ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்துங்கான், நான் கரண்ட்ங்கேன், நடுவுல பத்துப் பேரு வந்து அவன் சாதி, மதம் எல்லாத்தையும் இழுத்துத் திட்டுதாங்க. அந்தத் திட்டுல நான் சேரல, ஆனா நிறுத்தவும் சொல்லல. அது இன்னைக்கும் எனக்கு உறுத்தும்.

நாலாவது நாள் இன்பாக்ஸ்ல வந்தான். அவன் எழுதுனது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "அண்ணே, அங்க பேசுனா கூட்டம் கூடுது, அதான் இங்க வந்தேன். எங்கம்மா தெனமும் பந்தலுக்குப் போறாங்க, போகும்போது பீடிச் சொளவையும் (பீடி சுத்துற முறம்) எடுத்துட்டுத் தான் போறாங்க. அங்க பாதிப் பொம்பளைங்க மடியில சொளவு இருக்கும். வெளிநாட்டுக்காரன் காசு குடுக்கான்னா அவங்க எதுக்குண்ணே ஆயிரம் பீடி சுத்தி அந்தக் கூலிய வாங்கணும்?"

நான் முக்கூடல்காரன். எங்கம்மா பீடி சுத்தித் தான் என்ன படிக்க வச்சா. இலைய நனைச்சு, அளவு வச்சு வெட்டி, தூள் வச்சுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, ராத்திரி பதினோரு மணிக்கு நான் புரண்டு படுக்கும்போதும் அந்தக் கத்திரி சத்தம் கேக்கும். ஆயிரம் சுத்திக் கொண்டு போனா கடைல நாலஞ்சு கட்ட சரியில்லன்னு கழிச்சுப் போடுவாங்க, அதுக்கும் சேத்து மறுநாள் சுத்தணும். கையில நாலு காசு வேற வழில வர்ற பொம்பளை ஒருத்தியும் அந்தச் சொளவத் தொட மாட்டா, இது எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டியதில்ல. அவன் அணு உலை பத்தி ஒரு வார்த்தை சொல்லல பாத்துக்கோங்க. நான் உக்காந்து எழுதுன 'காசு வாங்குனவங்க'ங்குற வார்த்தைக்குள்ள எங்கம்மா மாதிரி ஒருத்திய கொண்டாந்து உக்கார வச்சிட்டான்.

நாலு நாள் நான் பதில் போடல. பொறவு எழுதுனேன், "எங்கம்மாவும் பீடி சுத்துதவ தான் தம்பி, நான் அப்படி எழுதிருக்கக் கூடாது"ன்னு. அந்த கமெண்ட்ட அழிச்சிட்டேன்.

நான் உலை வேணாம்னு மாறிட்டேனான்னு கேட்டா இல்ல. கரண்ட் வேணும்னு தான் நின்னேன், இன்னைக்கும் அணு மின்சாரத்துக்கு நான் எதிரி கெடையாது. அதுக்கப்புறம் வருஷக் கணக்கா பேசுனோம், அவனும் சிலத விட்டுக் குடுத்தான். செர்னோபில்ல இருந்தது கிராஃபைட் வச்ச பழைய உலை, கூடங்குளத்துல உள்ளது அழுத்த நீர் உலை, ரெண்டும் ஒரே ரகம் இல்லன்னு நான் படம் போட்டு விளக்குனப்போ ஒத்துக்கிட்டான், அத ஊருக்குள்ள கூட்டாளிகள்ட்டயும் சொன்னேன்னான். ஆனா அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. "எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள எங்கண்ணே வைப்பாங்க? எங்க வீட்டுக்குப் பக்கத்துலயா?" அவன் சின்னப் பையனா 2004 சுனாமில ஓடுனவன், கடல் உள்ள வந்து டீசல் ஜெனரேட்டர முக்குனதுனால தான் ஃபுகுஷிமாவுல குளிர்விக்க முடியாமப் போச்சுன்னு அவனுக்கு மனப்பாடமா தெரியும். நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். 2019 ஜூலைல அந்தக் கழிவு எரிபொருள் சேமிப்புக்குன்னே ராதாபுரத்துல கருத்துக்கேட்புக் கூட்டம்னு அறிவிச்சாங்க பாருங்க (அப்புறம் ஒத்தி வச்சிட்டாங்க), அன்னைக்கு டீக்கடைல நான் தான் சத்தமா கேட்டுக்கிட்டிருக்கேன், "அத ஏன் வே இங்க வைக்கணும், நெரந்தரமா வைக்கிற எடம் எங்கன்னு சொல்லட்டும்லா"ன்னு. கேட்டு முடிச்ச பொறவு தான் தெரிஞ்சுது, இது அவன் கேள்வி. ஏழு வருஷம் எனக்குள்ள கெடந்திருக்கு.

அதனால தான் கூட்டாளி சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு மணி நேரத்துல எவனும் மாற மாட்டான், சரி. ஆனா நாம போட்ட கேள்வி அவன்கூட வீட்டுக்குப் போகுது, அது எப்ப மொளைக்கும்னு நாம பாக்க முடியாது.

போன வருஷம் ஒரு தங்கச்சி பிஹெச்டி தீசிஸ் டைப்பிங்குக்குக் குடுத்துச்சு, ஆன்லைன்ல ஜனங்க எப்படி வாதம் பண்ணுதாங்கங்குறது தான் தலைப்பு. டைப் பண்ணப் பண்ண எனக்கு என் கதையே ஓடுன மாதிரி இருந்துச்சு. ரெட்டிட்ங்குற இணைய விவாதத் தளத்துல "என் கருத்த மாத்துங்க"ன்னு ஒரு குழு இருக்கு, 2013ல ஸ்காட்லாந்து பையன் ஒருத்தன் ஆரம்பிச்சது, மனசு மாறுனவங்க மாத்துனவருக்கு டெல்டான்னு ஒரு முக்கோணக் குறி குடுக்கணும். அந்த வாதங்களக் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க அலசி 2016ல எழுதிருக்காங்க. மாத்துனவங்க எதிராளி பேசுன அதே வார்த்தைய வச்சுத் திருப்பி அடிக்கல, அவர் யோசிக்காத வேற வார்த்தை, வேற பக்கம் கொண்டு வந்திருக்காங்க, "இருக்கலாம்", "எனக்குத் தோணுது"ன்னு கொஞ்சம் எறங்கிப் பேசிருக்காங்க. ரெண்டு பேரு மட்டும் மாறி மாறிப் பேசி அஞ்சு சுத்து தாண்டிட்டா டெல்டா கெடைக்கிற வாய்ப்பே இல்லாமப் போயிருது. என் கூட்டாளி நேத்து அம்பது சுத்து தாண்டிருப்பான்.

அதே தீசிஸ்ல இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு இருந்துச்சு. 2018ல வந்த ஆராய்ச்சி, ட்விட்டர்ல தங்களுக்குப் பிடிக்காத கட்சியோட கருத்து மட்டும் போடுற ஒரு கணக்க ஒரு மாசம் ஃபாலோ பண்ணச் சொல்லி அமெரிக்கக்காரங்களுக்குக் காசு குடுத்தாங்க, மாசக் கடைசில பாத்தா ரிபப்ளிக்கன் கட்சிக்காரங்க முன்ன விட இன்னும் கெட்டியாயிட்டாங்க. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல. அவங்க யார்கூடயும் பேசலையே, எதிரி கத்துறதத் தெனம் கேட்டுட்டு மட்டும் இருந்தாங்க. அமெரிக்காவுல மியாமில வேற மாதிரி செஞ்சு பாத்து 2016ல எழுதிருக்காங்க, வீடு வீடா கதவத் தட்டி முன்பின் தெரியாதவங்ககிட்ட பத்து நிமிஷம் திருநங்கைகள் பத்திப் பேசிருக்காங்க, பாடம் எடுக்கல, உங்கள யாராவது வித்தியாசமானவங்கன்னு ஒதுக்குனது உண்டான்னு கேட்டு அவங்க கதைய வாங்கிருக்காங்க. மூணு மாசம் கழிச்சும் அந்த வெறுப்பு கொறைஞ்சது கொறைஞ்சபடி இருந்துருக்கு. அதுவும் அந்நியங்க தான், பத்தே நிமிஷம் தான்.

சொந்தக்காரங்ககிட்ட இந்த வேலை நடக்காதுங்குறது என் அனுபவம். 2017 பிப்ரவரில ஸ்கூல் ஸ்கூலா தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாங்கல்லா, ஒம்பது மாசத்துலேந்து பதினஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. அப்ப வாட்ஸப்ல வராத புரளி இல்ல, பயந்து போயி நிறைய பேரு போடாம விட்டு, கேம்ப மார்ச்சுக்கும் நீட்டுனாங்க. எங்க குடும்ப குரூப்ல எங்க மதினி அந்த ஃபார்வர்ட போட்டாங்க. நான் ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுனேன், ஆதாரம் போட்டேன், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் பாக்க. நான் சொன்னது அத்தனையும் சரி. மதினி ஒண்ணும் பேசல, அண்ணன் குரூப்ப விட்டு வெளிய போயிட்டான், ஆறு மாசம் எங்க வீட்டுக்கு வரல. கடைசில ஸ்கூல் வாசல்ல யாரோ ஒரு அம்மா, பேரு கூடத் தெரியாது, "என் பிள்ளைக்குப் போட்டேங்க, ஒரு நாள் லேசா காய்ச்சல், அவ்வளவு தான்"ன்னு சொல்லிருக்காங்க, மறுநாளே மதினி கூட்டிட்டுப் போயி ஊசி போட்டாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு அப்ப தான் வெளங்குச்சு. எங்கிட்ட ஒத்துக்கிட்டா கொழுந்தன்ட்ட தோத்துட்டாங்கன்னு குடும்பமே பேசும், காலத்துக்கும் பேசும். அந்த அம்மாட்ட ஒத்துக்கிட்டா எவனுக்கும் தெரியாது. அந்த இடிந்தகரைத் தம்பியும் கமெண்ட்ல விட்டுட்டு இன்பாக்ஸுக்கு வந்தானே, எனக்கு எறங்கி வர்றதுக்கு ஒரு படி போட்டுக் குடுத்தான். பத்துப் பேரு முன்னாடி அதே பீடிச் சொளவ அவன் எழுதிருந்தா நான் வேற ஏதாவது சொல்லி எதுத்திருப்பேன், நிச்சயமா. 2024ல ஏஐ கூட பேச விட்டு ரெண்டாயிரம் பேர்ட்ட சோதிச்சதுல சதிக் கதைகள் மேல உள்ள நம்பிக்கை சராசரியா 20 சதவீதம் கொறைஞ்சு ரெண்டு மாசம் வரைக்கும் அப்படியே நின்னுச்சாம். ஆதாரத்த எடுத்து வச்சது தான் காரணம்ங்காங்க ஆராய்ச்சி பண்ணவங்க, இருக்கலாம், ஆனா மெஷின்கிட்ட விட்டுக் குடுத்தா ஊரு சிரிக்காதுங்குறதும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

எல்லா எடத்துலயும் இது நடக்கும்னு நான் சொல்லல. சாதி விஷயத்துல நான் தோத்திருக்கேன். கடைக்கு வர்ற ஒரு பிளஸ் டூ பையன், தங்கமான பிள்ளை, போன் பூரா அவன் சாதிப் பெருமை ரீல்ஸ், கையில கலர் கயிறு. அவனுக்கு முகம் தெரியாத ஆயிரம் பேரு தெனமும் லைக் போட்டு வெறி ஏத்துதாங்க, நான் ஒருத்தன் கடைல நின்னு என்ன சொல்லி என்ன. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பட்டியல் சாதிப் பையன் ஒருத்தன கூடப் படிச்ச பையங்களே வீடு புகுந்து வெட்டுனப்பொறவு, அரசு போட்ட குழு கயித்த ஸ்கூலுக்குள்ள தடை பண்ணணும்னு 2024ல அறிக்கை குடுத்துச்சு, நல்லது தான், கயித்த அவுத்துரலாம். அந்தப் போன்ல ஏறுனத எறக்குறதுக்கு அவன்கிட்ட அதே போன்ல நிதானமா பேச நாலு பேரு வேணும், இப்போதைக்கு ஆள் இல்ல. நம்மள மாதிரி ஆளுங்க "வெட்டி வேலை"ன்னு வெளிய வந்துட்டோம், உள்ள இருக்கவன் பூரா வெறி ஏத்துறவன் தான்.

2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல போளூர் பக்கம் கோவிலுக்கு வந்த 65 வயசு அம்மா ஒருத்தங்க பிள்ளைங்களுக்குச் சாக்லேட் குடுத்தாங்கன்னு பிள்ளை பிடிக்கிறவங்கன்னு நெனச்சு ஜனம் அடிச்சே கொன்னுச்சே, அது எனக்கு மறக்காது. வாட்ஸப் ஃபார்வர்டு நம்பித் தான் அடிச்சாங்க. அந்த ஃபார்வர்டு வந்த குரூப்புல யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், "இது நெசமான்னு தெரியல, நான் விசாரிச்சுச் சொல்லுதேன், அதுவரைக்கும் அனுப்பாதீங்க"ன்னு போட்டிருந்தா? பதில் சொல்லாம பாத்துட்டு மட்டும் இருக்கவங்க தான் எந்த குரூப்லயும் அதிகம், நாம பேசுறது பாதி அவங்களுக்காகத் தான்.

2023 டிசம்பர் 17, 18 மழைய மறந்திருக்க மாட்டீங்க. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஆறு ஓடுச்சு. முக்கூடல்ல அம்மாவுக்கு போன் போகல, ரோடும் இல்ல, எனக்கு கை கால் ஓடல. ரெண்டாம் நாள் சிக்னல் லேசா வந்ததும் மெசேஜா கொட்டுச்சு, அதுல மொதல்ல கெடந்தது அந்தத் தம்பியோடது, 18ஆம் தேதி விடியக்காலைல போட்டது. "அண்ணே, ஆத்துல தண்ணி ஜாஸ்தின்னு நியூஸ்ல சொல்லுதான். முக்கூடல்ல அம்மா எங்க இருக்காங்க?" பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ சொன்ன ஊரு.

சாயங்காலம் தகவல் கெடச்சதும் எழுதுனேன், "பக்கத்து மாடி வீட்ல பத்திரமா இருக்காங்க தம்பி, பீடி இலையத் தான் தண்ணி கொண்டு போயிட்டு". "இலை போனா போகுதுண்ணே"ன்னு வந்துச்சு. அதுக்கு அடுத்த வாரமே கூடங்குளத்துல கட்டுற அஞ்சாவது ஆறாவது உலை பத்தி மறுபடியும் சண்டை, அது இன்னும் முடியல.