வெஜைனிஸ்மஸ் பற்றியும் எழுதுங்கள்

பாலியல் சிகிச்சை பல தம்பதிகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று அதைப் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. உண்மைதான். ஆனால் உறவுக்கு முயலும்போது பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தானாக இறுகிக்கொள்ளும் வெஜைனிஸ்மஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் எங்களால் சேர முடியவில்லை. முயன்றாலே என்னை அறியாமல் தசைகள் இறுகிக்கொள்ளும், உயிர் போகிற வலி. வீட்டிலோ 'ஏதாவது விசேஷம் உண்டா' என்ற கேள்வி. முதலில் பார்த்த மருத்துவர் "பயப்படாம இரும்மா, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அது வெறும் பயம் இல்லை. கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடுகிறதே, அந்த மாதிரி.

அப்புறம் போன சிகிச்சையாளர் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தார். கொஞ்ச நாள் உறவுக்கு முயலவே கூடாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது. எந்த இலக்கும் இல்லாத தொடுதல் மட்டும் போதுமாம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் வகுத்து, 1970இல் வெளியிட்ட முறை இது. 'இன்றைக்கு முயல வேண்டுமே' என்ற பதற்றம் போனதும் எனக்குத் தூக்கமே நன்றாக வந்தது! கூடவே மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறிய அளவில் தொடங்கி டைலேட்டர்கள் (பெண்ணுறுப்பில் மெல்ல வைத்துப் பழகும் வழவழப்பான கருவிகள்). வேகம் முழுக்க என் கையில். ஏழெட்டு மாதம் ஆனது.

சிகிச்சை அறையில் உடையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், தொடவும் மாட்டார்கள். பேச்சும் வீட்டுப் பயிற்சியும்தான். இது தெரியாமல் தயங்குகிற பெண்கள் நிறைய. உடல் காரணம் ஏதும் உண்டா என்று மட்டும் முதலில் மகளிர் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.