ரிலீஸ் லெட்டர் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

நேற்று நம் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து மலேசியாவுக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் டீச்சர், வேறு பள்ளிக்கு மாறுவதற்காகப் பழைய பள்ளியிடம் ரிலீஸ் லெட்டர், அதாவது விடுவிப்புக் கடிதம், கேட்டார். அது கிடைக்காமல் இப்போது நாட்டைவிட்டே போகிறார். "கூப்பிட்டு வேலை கொடுத்த பள்ளியை விட்டுவிட்டு, ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கூட வருகிறது என்று ஓடினால் இப்படித்தான். விதிமுறை தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும்" என்று ஓர் அண்ணன் எழுதுகிறார். அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு.

விதிமுறை அந்தக் கணக்கு டீச்சருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும் அண்ணே. தெரிந்ததால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தார்.

வெளிநாட்டு ஆசிரியரின் வேலை பாஸ் ஒரே ஒரு முதலாளியின் பெயரில்தான் இருக்கும். ஆள் பள்ளி மாறினால் பாஸ் கூடவே போகாது. பழைய பள்ளி அதை ரத்து செய்ய வேண்டும், ரிலீஸ் லெட்டர் தர வேண்டும். புதிய பள்ளி குடிநுழைவுத் துறையிடம் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். கல்வி அமைச்சின் கற்பித்தல் அனுமதி தனிக்கதை. கணவரும் பிள்ளையும் இங்கே இருப்பதும் இவருடைய பாஸை நம்பித்தான். இது போனால் அவர்களுடையதும் போகும். இதில் பழைய பள்ளி ஒருவரைப் பழிவாங்க நினைத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். "மேனேஜர் லீவில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்.

நான் சொன்னதும் இவ்வளவுதான். வேலையை விடலாமா வேண்டாமா என்பதை வேலை கொடுத்தவரே முடிவு செய்கிறார் என்றால், அதற்குப் பெயர் வேலையா?

நானும் ஆசிரியைதான். கல்லூரி முடிந்ததும் ஜொகூரில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் போட்டார்கள். சுங்கை சிப்புட்டுக்கு மாற்றல் கேட்டு மனு மேல் மனுவாக எழுதினேன், கல்வி இலாகாவைத் திட்டாத நாளில்லை. ஆனால் அந்தக் காலமெல்லாம் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. மாற்றல் கேட்ட பாவத்துக்கு நாட்டைவிட்டுப் போ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பள்ளி செலவழித்துத்தானே கூட்டிவந்தது என்கிறீர்கள். சரி, நியாயம். ஒப்பந்தத்தில் எழுதிக் கணக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளுங்கள். ஆளையே அடகு பிடிப்பது எந்தக் கணக்கு? அந்தப் பள்ளி அலுவலகம் டீச்சருடைய பாஸ்போர்ட்டையும் "பத்திரமாக" வாங்கி வைத்திருந்ததாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதி இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். விதிமுறை பேசும் அண்ணன் இந்த விதிமுறையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தீர்களா?

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாதபோது வெளிநாட்டுக்காரருக்கு ஏன் பரிதாபம் என்று ஒரு தங்கை கேட்டார். டீச்சர் போகவிருந்ததும் ஒரு வெளிநாட்டு ஆசிரியருக்கான இடம்தான் அம்மா, உன் இடம் இல்லை. நாம் எதற்கெடுத்தாலும் கேலி செய்யும் வளைகுடாவில், கத்தார்கூட 2020இல் வேலை மாறப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை என்று சட்டத்தை மாற்றியது.

அப்புறம் அந்த "வந்தேறிகளுக்கு ஏன் இவ்வளவு இடம்?" என்ற வரி. எழுதியவரும் தமிழர்தான். இரவெல்லாம் அது என்னை உறுத்தியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு அது தோட்டங்களில் இறுகியபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பலர் வாழ்நாளெல்லாம் இங்கேதான் ரப்பர் பால் வெட்டியிருப்பார்கள். என் தாத்தாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அவருடைய தம்பிக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஆபீஸ் வாசலிலேயே நின்றாராம். கடைசியில் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்தான். சாகும்வரை பாட்டி அந்தக் கிராணியின் பெயரைச் சொல்லித் திட்டினார். நம் வீடுகளில் இப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் எது? அந்தக் கதையை வைத்துக்கொண்டு நாமே இன்னொருவரை வந்தேறி என்போமா? வாய் எப்படி வருகிறது?

இதற்கும் ஒரு பதில் வரும், தெரியும். "அது வேறு, இது வேறு." எல்லாம் வேறுதான், நம் தலையில் விழாதவரை.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல நான் யார் என்று கேட்டவருக்கும் ஒன்று. உங்கள் மகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கணக்கில் தடுமாறியபோது, ஒரு காசு வாங்காமல் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? குரூப்பில் கைதட்டிய விரல் அன்று எங்கே போயிருந்தது?

டீச்சர் இந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்புகிறார். புதிய பள்ளி காத்திருந்தால் அங்கிருந்து மறுபடி விண்ணப்பிக்கப் பார்ப்பார். வீட்டுச் சாமான்களை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. விதிமுறை அண்ணன் இன்று காலை தனியாக மெசேஜ் போட்டு, வாஷிங் மெஷினை இன்னும் ஐம்பது வெள்ளி குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது அண்ணே.