பள்ளிக்கூட வாசல்ல வேனை ஓஃப் பண்ணுங்க, பின் மதிலடியில குப்பையை எரிக்காதீங்க

காத்து மாசு எண்டு கதையைத் தொடங்கினாலே எங்கட ஆக்கள் சொல்ற பதில் ஒண்டுதான். "அது கொழும்புக்கும் டெல்லிக்கும் உள்ள பிரச்சினை, எங்கட மட்டக்களப்புக்கு ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, எல்லாத்தையும் காத்து அள்ளிக்கொண்டு போயிரும்." பெற்றோர் வட்ஸ்அப் குரூப்பிலயும் இதையேதான் சொல்றாங்க. எனக்கு இது சரியான கவலையா இருக்கு, அதான் நீளமா எழுதுறன், பொறுமையா வாசிங்க.

முதல்ல அந்தக் காத்துக் கதை. 2022 டிசம்பர் மாசம் மண்டூஸ் புயல் நேரம் நடந்தது ஞாபகம் இருக்கா? இந்தியாப் பக்கத்து மாசு காத்தோட சேர்ந்து வந்து நாடு முழுக்க மூட்டமாக் கிடந்து, டிசம்பர் 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாங்க. அள்ளிக்கொண்டு போற அதே காத்துதான் கொண்டுவந்தும் கொட்டினது.

சரி, மற்ற நாள்ல கடல் காத்து நல்லதுதான், நான் மறுக்கல்ல. ஆனா பிள்ளை மூச்செடுக்கிறது அது நிக்கிற இடத்துக் காத்தைத்தானே. பள்ளிக்கூடம் விடுற ஒண்டரை மணிக்கு புளியந்தீவுக்கையோ கோட்டைமுனைப் பக்கமோ ஒருக்காப் போய் நிண்டு பாருங்க. ரோட்டுட ஒரு கரையில வேன் வரிசை, எல்லாம் டீசல், ஏசி போட்டு ஸ்டார்ட்லயே நிக்கும், மறு கரையில ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும், நடுவால போக வழியில்லாம பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்கும், அதுக்குள்ள சின்ன வகுப்புப் பிள்ளையள் முதுகுல பேக்கும் கழுத்துல தண்ணிப் போத்தலுமா ரெண்டு வேனுக்கு இடையில நிக்குதுகள். எங்கட இடுப்பளவு உயரம், எங்கட மூக்கை விட அதுகள்ட மூக்குத்தான் சைலன்சருக்குக் கிட்ட. பெரியாக்கள் நிமிசத்துக்கு 15 தரம் மூச்செடுத்தா ஏழு வயசுப் பிள்ளை 20, 25 தரம் எடுக்கும், நிறைக்கு ஏத்த மாதிரிப் பாத்தா எங்களை விடக் கூடக் காத்து உள்ள போகுது, நுரையீரலும் இன்னும் வளர்ந்து முடியல்ல. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012லயே அறிவிச்சிட்டு.

அதை விட எனக்கு வயிறு எரியிறது பின் மதிலடி விசயம். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லப்போறதில்ல, ஒரு இடத்துல மட்டும் நடக்கிற கதையும் இல்ல. காலையில பிள்ளையள் வளவைக் கூட்டிக் குவிக்கும். வெறும் வேப்பஞ்சருகு எண்டாலும் புகைதான், ஆனா அதுக்குள்ள லஞ்ச் சீட், யோகட் கப், ஐஸ் பக்கற் கவர், எழுதி முடிஞ்ச பேனை, ரெஜிஃபோம் துண்டு எல்லாம் கிடக்கும். அப்படியே நெருப்பு வைக்கிறாங்க. காத்து அசையாத காலை நேரத்துல அந்தக் கறுத்தப் புகை மேல போகாது, மதிலோட அப்பிக்கொண்டு நிண்டு மெல்ல கட்டடத்துக்க வரும், எங்கட வகுப்பறைகளுக்கு அரைச்சுவரும் அதுக்கு மேல வலையும்தானே. ரீச்சர் சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு படிப்பிக்கிறா. பிள்ளை மூக்கைப் பொத்தினா எந்தக் கையால கொப்பியைப் பிடிச்சு எந்தக் கையால எழுதுறது? முட்டு இருக்கிற பிள்ளையள் இருக்குதுகள், பேக்குக்க இன்ஹேலர் வச்சுக்கொண்டு வாறதுகள், அதுகளும் அதே வாங்குலதான்.

கேட்டா "டெங்கு வரும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து யோகட் கப்புல தண்ணியைக் கண்டா பிரச்சினை" எண்டு சொல்றாங்க. நியாயமான பயம்தான். அதுக்கு கப்பைக் கழுவிக் கவிழ்த்து சாக்குல கட்டி குப்பை வண்டிக்குக் குடுக்கலாம், சருகைக் கிடங்கு வெட்டித் தாட்டா தோட்டத்துக்குப் பசளை. பிளாஸ்டிக்கும் குப்பையும் வெளியில எரிக்கிறதை 2017லயே வர்த்தமானி போட்டுத் தடை செய்திட்டாங்க. ஏழு வருசத்துக்கு மேலாச்சு, இன்னும் பள்ளிக்கூடத்துக்குள்ளயே எரியுது.

"நாங்களும் அந்தப் புகைக்குள்ளதானே வளர்ந்தம், என்ன ஆச்சு" எண்டு கேக்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்றன்.

லண்டன்ல எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா எண்டு ஒரு பிள்ளை, வாகனம் ஓயாத பெரிய ரோட்டுக்குப் பக்கத்துல வீடு, கடுமையான ஆஸ்மா, ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சு 2013ல 9 வயசுல செத்துப்போச்சு. தாய் விடல்ல. வருசக்கணக்காப் போராடி மரண விசாரணையைத் திருப்பி நடத்த வச்சா, 2020 டிசம்பர்ல அந்தப் பிள்ளைட மரணத்துக்கு காத்து மாசும் ஒரு காரணம் எண்டு தீர்ப்பு வந்தது.

மற்றது எங்கட ஆக்களுக்கு உறைக்கிற விசயம், படிப்பு. பார்சிலோனாவுல 39 பள்ளிக்கூடத்துல 2,715 பிள்ளையளை ஒரு வருசம் தொடர்ந்து பாத்திருக்காங்க, வாகன மாசு கூடின பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு வேலை செய்யிற நேரம் மனசுல வச்சிருக்கிற ஞாபகசக்தி அந்த வருசத்துல 7.4 வீதம்தான் கூடினது, மாசு குறைஞ்ச இடத்துல 11.5 வீதம். அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு நாங்க எத்தினை கிளாசுக்கு காசு கட்டுறம், மாதிரி வினாத்தாள் எத்தினை வாங்குறம், பிள்ளை இருந்து படிக்கிற இடத்துட காத்தைப் பத்தி ஒரு கூட்டத்துலயாவது ஆரும் கதைச்சதுண்டா?

நல்ல செய்தியும் இருக்கு. கலிபோர்னியாவுல காத்து சுத்தமாக சுத்தமாக, நுரையீரல் பலவீனமா இருந்த 15 வயசுப் பிள்ளையள் 7.9 வீதத்துல இருந்து 3.6 வீதமாக் குறைஞ்சிருக்கு. காத்தைத் திருத்தினா பிள்ளைட நெஞ்சும் திருந்துது.

வேன் அண்ணாமாரோட கதைச்சுப் பாத்தன். "தங்கச்சி, இந்த வெயிலுக்க ஏசி இல்லாட்டி பிள்ளையள் ஏறினதும் வெந்துருங்கள்" எண்டாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கச்சான் எண்ட வெக்கைக் காத்து அடிக்கிற மாசங்கள்ல மத்தியானம் வேனுக்க கை வைக்கேலாது. அதுக்கு நிழல் வேணும். வாசல்ல இருந்து கொஞ்சம் தள்ளி, மரம் உள்ள இடமாப் பாத்து வேனை நிப்பாட்டி, ரெண்டு ரீச்சர்மார் பிள்ளையளை வரிசையாக் கூட்டிக்கொண்டு வந்து ஏத்தலாம், வாசல்ல நெரிசலும் குறையும். ஸ்கூட்டியில வாற நாங்களும் கேற்றடியில நிக்கிற நேரம் ஓஃப் பண்ணலாம், அதுக்கு ஆருட அனுமதியும் தேவையில்ல.

அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துல வேன் நிக்கிற இடத்தையும் குப்பை எரிக்கிறதையும் நான் எழும்பிக் கேக்கப்போறன். ஒரு ஆள் கேட்டா புறுபுறுக்கிறா எண்டு விட்டுருவாங்க, அதால அண்டைக்கு வாற தாய்மார், தகப்பன்மார் இன்னும் ரெண்டு மூணு பேர் என்னோட சேர்ந்து எழும்புங்க.