ஹரிகேன் அடிக்கும்போது வீட்டுக்குப் போன் அடிக்காதீர்கள்

ஃப்ளோரிடாவிலோ டெக்ஸாஸிலோ வீட்டார் ஹரிகேன் என்னும் கடும் புயலுக்குள் மாட்டியிருக்க, எங்கோ உட்கார்ந்திருக்கும் நாம் செய்கிற முதல் தப்பு, அரை மணிக்கொரு தரம் போன் அடிப்பது. கரண்ட் போன வீட்டில் அந்தப் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ்தான் அவர்கள் கையிருப்பு. சிக்னல் பலவீனமாக இருந்தால், டவரை எட்டுவதற்காகப் போன் கூடுதல் சக்தி செலவழிக்கும். பேட்டரி மளமளவென்று இறங்கும். அத்தை, சித்தப்பா, காலேஜ் நண்பன் என்று பத்துப் பேர் "எப்படி இருக்கீங்க" கேட்டால், அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் போன் செத்துக் கிடக்கும். அக்கறையாகத்தான் செய்கிறோம், ஆனால் தொல்லை தொல்லைதான்.

புயல் வருவதற்கு முந்தின நாளே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். அவர்களோடு ஒருவர் மட்டும் தொடர்பில் இருப்பார், மற்ற எல்லாரும் அவரிடம் கேட்டுக்கொள்வார்கள். அங்கே போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, பேசி வைத்த நேரத்திலும், காற்று சட்டென்று நின்றாலும் மட்டும் பத்து நிமிடம் திறக்கட்டும். அதுவும் கால் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம், பழைய எஸ்எம்எஸ் போதும். நெட்வொர்க் நெரிசலில் கால் விழுந்துவிடும், எஸ்எம்எஸ் வரிசையில் நின்று வழி கிடைத்ததும் போய்ச் சேரும்.

சரி, நமக்கு என்ன வேலை? அவர்களுக்குப் பதிலாகப் படிப்பது. டிவியை அல்ல. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு காற்றில் ஆடும் நிருபரால் யாருக்கும் பயனில்லை. மியாமியில் உள்ள அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம் 6 மணிக்கொரு முறை முழு அறிக்கை தருகிறது. இந்திய நேரப்படி காலை 8.30, மதியம் 2.30, இரவு 8.30, நள்ளிரவு தாண்டி 2.30. கரையோரத்துக்கு எச்சரிக்கை விழுந்துவிட்டால் நடுவில் 3 மணிக்கொன்றும் வரும். ஒன்றைப் படித்துவிட்டால் அடுத்தது வரும்வரை தூங்கலாம். இடைப்பட்ட நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி பழைய புயலின் படம். ஹைவேயில் நீந்துவதுபோல் போலியாக ஒட்டிய சுறாப் படமும் ஒவ்வொரு புயலுக்கும் தவறாமல் வந்துவிடும்.

அறிக்கையோடு வரும் படத்தில் வெள்ளைக் கூம்பு ஒன்று இருக்கும். நம் ஊர் அதற்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். தவறு. அது புயலின் நடுப்புள்ளி போகக்கூடிய பாதை மட்டுமே. அந்தப் புள்ளியே சுமார் மூன்றில் ஒரு தடவை கூம்பைத் தாண்டிப் போகும். புயலின் அகலம் அதில் இல்லவே இல்லை.

கேட்டகரி எண்ணும் அப்படித்தான். 1 முதல் 5 வரையிலான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது. கடல் எவ்வளவு உயரம் ஊருக்குள் ஏறும், எத்தனை அங்குலம் மழை கொட்டும் என்பது அதில் வராது. 2008-இல் 'ஐக்' என்ற புயல் கரை தொட்டபோது வெறும் கேட்டகரி 2. டெக்ஸாஸின் பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடிக்கு மேல் ஏறி வீடுகளைத் துடைத்துப் போட்டது. 2012-இல் சாண்டி நியூஜெர்சிக்கு வந்தபோது முறைப்படி ஹரிகேனாகவே இல்லை! அதனால் கேட்டகரியை விட்டுவிட்டு, நம் வீடு எந்த எவாக்குவேஷன் ஸோன், அந்த ஸோனைக் காலி பண்ணச் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் கெஞ்சியோ திட்டியோ கிளப்பிவிட வேண்டும். போன் அடிக்க நியாயமான தருணம் அது ஒன்றுதான்.

இன்னொரு தருணத்தில் எஸ்எம்எஸ் உயிரைக் காக்கும். புயலின் கண் ஊர்மேல் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும், வானம்கூடத் தெளியலாம். முடிந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே வருவார்கள். ரேடாரில் நடுவே அந்த ஓட்டை நமக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. "அம்மா, இது கண். காத்து எதிர்ப்பக்கத்துல இருந்து திரும்ப அடிக்கும். வெளிய வராதீங்க." இவ்வளவு போதும்.

பிறகு வரும் மௌனம்தான் கொடுமை. பதில் வராத எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கிடப்போம். 2017-இல் மரியா போர்ட்டோ ரிக்கோவைக் கடந்தபோது செல் டவர்களில் சுமார் 95 விழுக்காடு செயலிழந்தது. பதில் வராததற்கு முதல் காரணம் டவர்தான். ஓரிரு நாளில் நோவா (அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பு) விமானங்கள் எடுக்கும் வான்படங்கள் இணையத்தில் வரும். நம் தெருவைப் பெரிதாக்கினால் கூரை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தொடர்பு கிடைத்ததும் முதலில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கராஜில் என்றால், கதவு திறந்திருந்தாலும் ஆபத்து. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயலுக்கு வாரம் இருக்கும்போது வாங்கிப் பலனில்லை. காப்பீடு இருந்தால், தண்ணீர் நின்ற கறைக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஊறிய கார்ப்பெட்டை வீசுமுன் ஒரு கையகலத் துண்டை வெட்டி வைக்கட்டும். பாலிசி எண்ணைத் தேடுவது, கிளெய்முக்காக வரிசையில் காத்திருப்பது எல்லாம் சார்ஜ் இருக்கிற நம் போனிலேயே நடக்கட்டும்.