கதவுக்கு வெளியே உட்காரப் பழகுதல்

பிள்ளையை மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், அமர்வு முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "உள்ளே என்ன சொன்னே?" என்பதாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்வதற்காகவே இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன். அதைக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்தவள் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. நான் உளவியல் படித்தவள் அல்லள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கிறவள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த எங்கள் மகளை, மருத்துவப் படிப்பை மனத்தில் வைத்து, வெளியூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் வயிற்றுவலி, மறுநாளும் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தோம், இரத்தப் பரிசோதனை செய்தோம், எண்டோஸ்கோபி வரைக்கும் போனோம். எல்லாம் இயல்பாக இருப்பதாகவே முடிவுகள் வந்தன. பாசாங்கு என்றார் அவளுடைய அப்பா. கண்ணேறு என்றார் என் மாமியார். நான் இரண்டையும் பாதி பாதி நம்பினேன். மாசி பிறப்பதற்குள் அவள் அறையை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள்.

அப்போது உறவினர் ஒருவர் ஒரு கோச்சைப் பரிந்துரைத்தார். நம்மூரில் கோச்சிங் என்றால் நீட் தேர்வுப் பயிற்சி, கவுன்சலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிப்பது என்றுதான் நான் அதுவரை அறிந்திருந்தேன். வாழ்க்கைக்கும் கோச் உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. ஜூம் வழியாகப் பன்னிரண்டு அமர்வுகள், முழுத் தொகையும் முன்பணம், மூன்றே மாதத்தில் தன்னம்பிக்கை மிக்க பிள்ளை என்ற உறுதிமொழி. இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது, ஞாயிறுதோறும் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு வரும் 'முன்னேற்ற அறிக்கை'. வாழ்நாள் முழுவதும் பிறர் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கிப் பழகியவளுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

நான்காவது வாரத்து அறிக்கையில், விடுதிக் கட்டணத்துக்காக நகை அடகு வைத்ததைப் பற்றி நானும் என் கணவரும் வாக்குவாதம் செய்ததை மகள் கேட்டிருக்கிறாள், வீட்டில் நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் தானே காரணம் என்று நினைக்கிறாள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பதற்றத்தில் அன்று இரவு சாப்பாட்டின்போதே கேட்டுவிட்டேன். "நகையைப் பத்தி நீ ஏன்டி கவலைப்படறே? எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அதன் பிறகு மீதமிருந்த அமர்வுகளில் கேமராவை அணைத்துவிட்டு, "ஆமா சார்", "ஓகே சார்" என்பதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. அறிக்கைகள் மட்டும் தவறாமல் வந்தன. அவற்றின்படி அவள் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். நேரத்தைத் திட்டமிடுவது, படிப்பைச் சிறு இலக்குகளாகப் பிரித்துக்கொள்வது, நேர்காணலுக்குத் தயாராவது போன்றவற்றில் நல்ல கோச் ஒருவரால் இளையோருக்கு மெய்யாகவே பயன் உண்டு. தெளிவான இலக்கும் அதை நோக்கி நடக்கத் தேவையான தெம்பும் உள்ளவர்களுக்கான உதவி அது. எங்கள் மகளிடம் அப்போது இல்லாமல் போயிருந்தது அந்தத் தெம்புதான். ஆறு வாரமாகத் தூங்காத, சரியாகச் சாப்பிடாத, வலியோடு சுருண்டு கிடக்கும் பிள்ளையிடம் இலக்குப் பட்டியல் எழுதச் சொல்வது, கால் முறிந்தவனிடம் ஓட்டப் பயிற்சி அட்டவணையைக் கொடுப்பதற்கு ஒப்பானது. "இது என் எல்லைக்குள் இல்லை, இன்னாரிடம் போங்கள்" என்று சொல்லத் தெரிந்திருப்பதே ஒரு கோச்சின் முதல் தகுதி என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

பெயர்ப் பலகைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றவர், மருந்து எழுதக்கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருந்தில்லாமல் பேச்சு வழியாகச் சிகிச்சை அளிப்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு பதிவு எண் உண்டு, அதைக் கேட்பது அவமரியாதை அல்ல. கவுன்சலர் என்ற சொல்லுக்குள் முதுகலை உளவியலோ சமூகப் பணியோ படித்துப் பல ஆண்டுகள் மேற்பார்வையில் பயின்றவர்களும் இருக்கிறார்கள், வார இறுதிச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். லைஃப் கோச், பேரண்ட்டிங் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள இந்த நாட்டில் எந்த உரிமமும் வேண்டியதில்லை.

பிறகு திருச்சியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போனோம். அவர் முதல் சந்திப்பில் எங்கள் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, மகளைப் பார்த்து, எங்கள் காதில் விழும்படி பேசினார். "நீ இங்கே பேசுவது இந்த அறைக்குள் இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினாலும், யாராவது உன்னைத் தவறாகத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தாலும் நான் அதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொல்வேன். இவற்றைத் தவிர அப்பா அம்மாவிடம் எதைச் சொல்லலாம் என்பதை நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்." பிறகு எங்களிடம் திரும்பி, இதற்குச் சம்மதமா என்று கேட்டார். மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதம் என்று சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட சில விநாடிகளை அவள் நிச்சயம் எண்ணியிருப்பாள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னர் தேடிப் படித்தேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவருக்குத் தம்மைப் பற்றிய தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும் உரிமையை அளிக்கிறது. ஆனால் பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோரே சட்டப்படியான பிரதிநிதி என்பதால், அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு அவர்களுக்குத் தகவல் தரவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பாலியல் வன்கொடுமை என்று தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஆக, பெற்றோருக்கு முன்னால் சட்டம் கதவைத் தாழிடவில்லை. நாமாக வெளியே உட்கார ஒப்புக்கொண்டால்தான் உண்டு. மதிப்பெண், திருமணம், குடும்ப மானம் என்று தன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒரு பெரியவர் முன்னால், பேசியது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடாது என்ற நம்பிக்கையோடு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் உட்கார வேண்டுமென்றால், அதற்கு நாம் கொடுக்கக்கூடிய விலை அவ்வளவுதான்.

வெளியே ஒரு மர பெஞ்சு இருந்தது. முதல் சில வாரங்கள் அதில் உட்கார்ந்து, உள்ளே என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன வலி என்று நினைக்கவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வெளியே உட்காருவது என்றால் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது என்று பொருளல்ல. பழுதான மிக்ஸியைக் கடையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதைப் போலத்தான் நம்மில் பலர் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். நான்காவது சந்திப்புக்கு அந்தச் சைக்காலஜிஸ்ட் எங்கள் இருவரை மட்டும் வரச் சொன்னார். மகள் சொன்ன எதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று காலை முதல் இரவு வரை கேட்டார். அப்போதுதான் என் காரியங்கள் எனக்கே தெரிந்தன. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது நான். சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். உறவினர் கேட்டால் டைஃபாய்டு என்று பொய் சொல்வது நான். அவளிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதும் நான்தான். ஒவ்வொன்றும் அன்றைய பயத்தைத் தணித்து, அடுத்த நாளைய பயத்தைக் கொழுக்கவைத்தது. என் கணவரோ இதற்கு நேர்மாறாக, இரண்டு நாளைக்கு ஒரு முறை கதவைத் தட்டி, "நாளைக்குக் கிளம்புற" என்று கெடு விதித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பொத்திப் பொத்தி வைக்க, ஒருவர் பிடித்துத் தள்ள, நடுவில் அவள் அசையாமல் இருந்தாள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர், பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்காக, பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோரிடம் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். பெற்றோர் பிள்ளையின் பயத்துக்கு வளைந்து கொடுப்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதே நேரத்தில் "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்றும் தெரிகிறது" என்று சொல்லப் பழகுவதுதான் அதன் சாரம். 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2020இல் வெளிவந்தது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும், பிள்ளைகளுக்கே நேரடியாக அளிக்கப்படும் புகழ்பெற்ற அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததாக இல்லை என்று அதில் தெரியவந்தது. எங்களுக்குத் தரப்பட்டது அதே முறை என்று சொல்ல வரவில்லை. சிகிச்சை அறைக்குள் நுழையாமலே ஒரு பிள்ளை தேற முடியுமென்றால், அவளைச் சுற்றியிருக்கும் எங்கள் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் எவ்வளவு எடை இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன்.

இதைக் கற்றுக்கொள்ள நாம் யேல் வரை போக வேண்டியதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். அந்த வழியை மேற்கொண்ட வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், சேர்க்கப்படுபவரோடு குடும்பத்தினர் ஒருவர் தங்கியிருப்பது பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். அப்படிப்பட்ட மரபு இருக்கும் மண்ணில் நாம் "ஆன்லைனில் பன்னிரண்டு அமர்வு, பெற்றோருக்கு எந்தச் சிரமமும் இல்லை" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறோம்.

திருச்சி சைக்காலஜிஸ்ட் எங்களுக்குக் கொடுத்த வேலைகள் கேட்பதற்கு மிகச் சிறியவை. அவளிடம் யாராவது ஏதேனும் கேட்டால் நான் பத்து வரை மனத்துக்குள் எண்ண வேண்டும். இரவுச் சாப்பாடு கூடத்தில்தான். அங்கே படிப்பு, நீட், விடுதி என்ற பேச்சு கூடாது. அவளுடைய அப்பா நாளுக்கு ஒரு முறை படிப்போடு தொடர்பில்லாத ஏதாவது ஒன்றை அவளிடம் பேச வேண்டும். அவர் மூன்று நாட்கள் பேச விஷயமின்றித் திணறினார். நான்காம் நாள் தம் பழைய டி.வி.எஸ். வண்டியின் கார்புரேட்டரைப் பற்றிப் பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பணத்தைப் பற்றிய எங்கள் சண்டையை அவள் காதில் விழாமல் மறைப்பதற்கு மாறாக, கடன் எவ்வளவு, அதை எப்படி அடைக்கப் போகிறோம் என்று ஒரு நாள் அவளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லும்படியும் அந்தச் சைக்காலஜிஸ்ட் கூறினார். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

பள்ளிகளைப் பற்றியும் ஓர் ஆசிரியையாகச் சொல்ல வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவாக்குவதையும், எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் கைவிடவும் சொல்லியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆலோசகரிடம் தலைமையாசிரியர் "அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வது என்பதை ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் வைத்தாக வேண்டும். சேட்டை செய்யும் மாணவனை "உன்னைக் கவுன்சலிங்குக்கு அனுப்பிடுவேன்" என்று நானே மிரட்டியிருக்கிறேன். முட்டி போடுவதற்கு அடுத்த தண்டனையாக அதை ஆக்கிவிட்டு, பிள்ளைகள் மனம் திறப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். பிள்ளை உயிரைப் பற்றி விரக்தியாகப் பேசினால் கோச்சையோ ஜோசியரையோ தேடிக்கொண்டிருக்காமல் அன்றே அழையுங்கள், அல்லது அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகள் ஓராண்டை இழந்தாள். இப்போது உள்ளூர்ப் பள்ளியில், அவளே கேட்டு எடுத்த வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ படிக்கிறாள். வயிற்றுவலி முழுவதும் போய்விடவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் எட்டிப்பார்க்கிறது. திருச்சிக்கு இன்னும் மாதம் ஒரு முறை போகிறோம். அந்த அறைக்குள் அவள் என்ன பேசினாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பத்திகளை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.